ஒன்பது வெற்றுக் கட்டங்கள்

மதுரவல்லியின் வீட்டுச் சுவரில் ஒரு சிறிய திரை உண்டு. மாலை ஆறு மணிக்குள் கணவனும் மனைவியும் அதில் ‘உறுதி’யைத் தொட்டால்தான் அன்றைய நாள் அவர்கள் நினைவில் தங்கும். ஒருவர் தொடாவிட்டாலும் நாள் முழுவதும் இருவர் மனத்திலிருந்தும் போய்விடும். பாதியை வைத்துக்கொண்டு பாதியைத் தள்ள வழியில்லை.

சண்டை போட்ட நாள்களில் அவர்கள் திரைப் பக்கமே போவதில்லை. மறுநாள் காலையில் புதுமணத் தம்பதிபோலச் சிரித்துக்கொண்டு காப்பி குடிப்பார்கள். திரையிலிருந்த நாள்காட்டியில் நேற்றுவரை தொடர்ந்து ஒன்பது கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

இன்றைய சண்டை பால் பொங்கி வழிந்ததில் தொடங்கியது. “உன்னைக் கட்டுனதுக்கு நான் சும்மாவே இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டான் கணவன் இளம்பரிதி. வல்லி அடுப்பைத் துடைத்தாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது அவனே சமாதானத்துக்கு வந்தான். “விடு வல்லி. இன்னும் கொஞ்ச நேரத்துல ரெண்டு பேருக்கும் மறந்துடும்.”

அப்போது அவர்களுடைய பதினோரு மாதக் குழந்தை அமுதி, சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கூடத்தின் நடுவே நடந்து வந்தாள்.

“ஏங்க, நடக்கறா பாருங்க! முதல் தடவையா...” வல்லியின் குரல் பாதியில் நின்றது. குழந்தை தள்ளாடவே இல்லை. கீழே கிடந்த செருப்பைச் சுற்றிக்கொண்டு, நன்றாகப் பழகிய காலோடு திரும்பிப் போனாள்.

இளம்பரிதி அந்த ஒன்பது கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

வல்லி போய் ‘உறுதி’யைத் தொட்டாள்.

“நான் சொன்னதும் மனசுல நின்னுடுமே, வல்லி.”

“நிக்கட்டும். வந்து தொடுங்க.”