போர்வையின் மேல் விரல்கள்

தொண்டையில் குழாய் சொருகியிருந்ததால் மாசிலாமணியால் பேச முடியவில்லை. பேனா பிடிக்கவும் தெம்பில்லை. விரல்கள் மட்டும் போர்வையின் மேல் ஓயாமல் துடித்தன. “காலையிலேர்ந்து இப்படித்தாண்ணே நடுங்குது,” என்றாள் அவன் மனைவி அமுதவல்லி. நடுக்கமாவது! அவன் ஏதோ டைப் அடித்துக்கொண்டிருந்தான், அதுவும் அந்தப் பாழாய்ப்போன பழைய டைப்ரைட்டர் விசைமுறையில். ஒரே அச்சகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து காலமெல்லாம் அதை ஏசியிருக்கிறேனே தவிர, கற்றுக்கொண்டதில்லை. அவனும் சளைத்தவனில்லை. “உன் தமிழ்99-ல அடிக்கிறதுக்கு விரல வெட்டிக்கலாம்டா” என்பான்.

“மாசி, எனக்கு அது படிக்கத் தெரியாதுடா,” என்றேன்.

விரல்கள் நின்றன. என்னையே பார்த்தான். பிறகு மெதுவாக, தயங்கித் தயங்கி, வேறு மாதிரி தட்டத் தொடங்கினான். என்னுடைய தமிழ்99 விசைமுறை. இதை எப்போது கற்றான்? வலது ஆள்காட்டி விரல்: ப. சுண்டுவிரல்: ய. நடுவிரல்: ம. கடைசியாக இடது ஆள்காட்டி விரலால் ஒரு புள்ளி. மறுபடியும் அதே நான்கு தட்டுகள்.

“என்னண்ணே சொல்றாரு?” கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அமுதவல்லி குனிந்தாள்.

“வேற என்ன? டைப்ரைட்டர்தான் ஒசத்தியாம்.”

“இந்த நெலமையிலயுமா!” ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

நான் அவன் கைகளின் மேல் என் கைகளை வைத்து அழுத்தினேன். என் உள்ளங்கைகளுக்கு அடியிலும் அவன் அதையே அடித்துக்கொண்டிருந்தான்.