படகுக்காரி பாட்டு

"இந்த டேப் ஒரு தடவைதான் ஓடும்மா. மறுபடி ஓட்டினா துண்டு துண்டா பிஞ்சிடும்," என்றார் ஒலிக்காப்பகத்தின் பொறுப்பாளர்.

"ஒரு தடவை போதும் சார். ஓடும்போதே கம்ப்யூட்டர்ல ஏத்திடுவீங்கல்ல?"

கேட்டவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். இந்தப் பதிவைத் தேடி, விடுப்பு கிடைத்தபோதெல்லாம் வானொலி நிலையம், கல்லூரி, பதிவு செய்த பேராசிரியரின் மகன் வீடு என்று அலையாத இடம் இல்லை. துணைக்கு வந்த மாமியார் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆராய்ச்சியா?"

"இல்ல சார். அப்படி ஒரு பாட்டே கிடையாதுன்னு வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க. என் வீட்டுக்காரர்தான் முதல் ஆள்."

"வந்து கேக்கச் சொல்லுங்க. இங்க இருக்கற கதைப்பாட்டுலயே எனக்கு உசத்தி இதுதான். ராஜா கதை இல்ல, சாமி கதை இல்ல. ஒரு படகோட்டியோட பொண்ணு. வெள்ளம் வடிஞ்ச கையோட சந்தையில ஒருத்தர் பாடினதைப் பிடிச்சிருக்காங்க."

சுருள் சுற்றத் தொடங்கியது. முதலில் இரைச்சல், சந்தைக் கூச்சல். அதை அடக்கிக்கொண்டு ஒரு கணீர்க் குரல் எழுந்தது.

*ஆறு பெருத்து வருதடி, அக்கரை தெரியலடி,*
*அப்பன் படகை அவிழ்த்தவ ஆம்பளை இல்லடி...*

காய்ச்சலில் கிடந்த அப்பனின் துடுப்பை எடுத்துக்கொண்டு அவள் போகிறாள். கூரை மேல் ஏறி நின்றவர்களை நடை நடையாகக் கரை சேர்க்கிறாள். 'போதும், போகாதே' என்று ஊரே கையைப் பிடிக்கிறது. கால் வராத தையல்காரர் ஒருவர் மிச்சம் இருக்கிறார் என்று உதறிவிட்டுப் போகிறாள். அவரையும் கரையில் தள்ளிவிட்ட பிறகு படகு கவிழ்கிறது. குரல் தழைந்து, ஆற்றோடு போனவளுக்காக அழுது ஓய்கிறது.

டேப் அறுபடாமல் முடிந்தது. மருமகள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்பவோ ஒரு தடவை கேட்டது. இந்த முடிவு மட்டும் மறக்கவே இல்ல. என்ன பொண்ணுங்க அவ! வாழாமலே போயிட்டா."

மருமகளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "நீங்களே சொல்லுங்க அத்தை."

மாமியார் கைப்பையை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. முடிவுலதான் பாடினவர் அவசரப்பட்டுட்டாரு. ரெண்டு ஊர் தள்ளிக் கரை ஒதுங்கினேன். தண்ணியில இருந்து என்னைத் தூக்கினவர்தான் இவ மாமனார்."