சிரிப்பு ஷாட்

கட் சொல்லிவிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

நெற்றியில் ஒற்றை ரூபாய்க் காசு. மூக்கில் பஞ்சு. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி. சீரியல் வீட்டுக் கூடத்தில் தெற்கே தலைவைத்து, காலை பத்து மணியிலிருந்து செத்துக் கிடக்கிறாள்.

தொள்ளாயிரத்துச் சொச்சம் எபிசோடு மாமியாராக அதிகாரம் பண்ணிய வீடு. இன்றோடு சரி.

"சூப்பர்மா. அடுத்த ஷாட்டுக்கு லைட்டை மாத்துங்கப்பா" என்றான் இயக்குநர் பிரணவ்.

குறும்படம் எடுத்துவிட்டு நேரே சீரியலுக்கு வந்தவன். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் ஒன்று மட்டும் அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிணமாக நடித்தவர் சும்மா எழுந்து போகக் கூடாது. எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். செத்தது பொய் என்று அதற்குச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்தத் துண்டு எந்தப் படத்திலும் வராது, வெட்டிப் போட்டுவிடுவார்கள். போட்டுக்கொள்ளட்டும். எடுத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு முன் நாற்பத்தொரு தடவை செத்திருக்கிறாள். நாற்பது தடவை சிரித்திருக்கிறாள்.

அந்த ஒரு தடவை, வெளிச்சம் போய்விட்டது என்று அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாளே குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஆறு வாரம் மாவுக்கட்டு.

பதினேழு வயதில் கதாநாயகியாக வந்தவள். மூன்று படம். அப்புறம் தங்கை, அண்ணி. இருபத்தொன்பது வயதில், தன்னைவிட நான்கு வயது மூத்த கதாநாயகனுக்கு அம்மா. அந்த நாளில் அம்மா என்றால் இடைவேளைக்குள் சாக வேண்டும்.

அவளுக்கு அதில் மனக்குறையே இல்லை. ஆடிப் பாட ஆயிரம் பேர் இருந்தார்கள். சாவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தாலும் அசைய மாட்டாள்.

மகளுக்கு ஐந்து வயதில் தியேட்டருக்கு அழைத்துப்போனாள். திரையில் அம்மா சாகவும் குழந்தை வீறிட்டது. "இதோ இருக்கேன்டி" என்று முறுக்கை மென்றுகொண்டே மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சிரிப்பு ஷாட்டைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னாள்.

மகள் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். சாவு சீன் என்று தெரிந்தால் போதும், அங்கிருந்து போன் வந்துவிடும்.

"சிரிச்சியாம்மா?"

வேறெதுவும் கேட்க மாட்டாள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தாள். "போதும்மா, விடுங்க" என்று ஸ்கேன் எடுத்த பெண் மூன்று தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நெஞ்சைத் திறக்கிறார்கள்.

இங்கே ஒருவருக்கும் தெரியாது. மகளைப் பார்க்கப் போகிறேன், மூன்று மாதம் லீவு வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தாள். உடம்பு சரியில்லை என்று ஒரு தடவை வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? மூன்று மாதமெல்லாம் முடியாது, கொன்றுவிடலாம் என்று சேனலில் முடிவு பண்ணினார்கள்.

"தாராளமா" என்றாள். நல்ல சாவாக ஒன்று கிடைத்து ரொம்ப நாளாகியிருந்தது.

பயம் இல்லை என்றால் பொய். ஆனால் டாக்டர் கைராசிக்காரர், மகள் நாளை வந்துவிடுவாள், பிழைத்துக்கொள்ளலாம். சிரிக்காமல் போய் அந்த மேசையில் படுக்க மட்டும் அவளால் முடியாது.

அதனால் கிடந்தாள்.

"அம்மா, ஷாட் முடிஞ்சிருச்சும்மா." மருமகளாக நடிக்கிற பெண் தோளைத் தொட்டாள். அசைவில்லை.

யாரோ தண்ணீர் எடுக்க ஓடினார்கள். அதுவரை கிளிசரின் போட்டு அழுத பெண்ணுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

கேமராவுக்குப் பின்னாலிருந்து தணிகாசலம் தொண்டையைச் செருமினார். இவள் ஒன்பது தடவை செத்ததைப் படம் பிடித்தவர்.

"சிரிப்பு ஷாட் எடுக்கலையே தம்பி. எப்படி எந்திரிப்பாங்க?"

பிணத்தின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

விஷயத்தைக் கேட்டதும் பிரணவ் தலையில் கை வைத்துக்கொண்டான். கேமரா ஓடியது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். காசு மடியில் விழுந்தது. வழக்கமான சிரிப்பு ஒன்றைச் சிரித்தாள். கட்.

எல்லோருக்கும் உயிர் வந்தது. கால்கட்டை அவிழ்க்க உதவியாளர் ஒருவர் குனிந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தணிகாசலம், இன்னொண்ணு எடுங்க."

"எதுக்கும்மா? இதுவே நல்லா வந்திருக்கு" என்றான் பிரணவ்.

"அது மாமியாருக்கு. இது வெள்ளிக்கிழமைக்கு."

தணிகாசலம் ஏன் என்று கேட்கவில்லை. கேமராவை ஓடவிட்டார்.

பிரணவ் எபிசோடு தாளைப் புரட்டிப் பார்த்தான். பொறுப்பான பிள்ளை.

"வெள்ளிக்கிழமை நீங்க இல்லையேம்மா. வியாழக்கிழமையே உங்களை எடுத்துடறோம்."

அவளுக்கு முதலில் தோள் குலுங்கியது. மூக்குப் பஞ்சு தெறித்துப் போய் விழுந்தது. கட்டிய காலோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே மருமகளும் சிரித்தாள்.

கட் சொல்லிவிட்டார்கள்.

அவள் நிறுத்தவில்லை.