கிணற்றோரம் விட்ட எட்டடி

இப்பல்லாம் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கிறதில்லை.

ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

என் பழைய சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டி, முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகி, தலையில் என் துண்டைக் கட்டிக்கொண்டு. டிராக்டர் சீட்டில் என் பெண்டாட்டி.

எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி எட்டு நாள். கறுப்புக் கண்ணாடி. ஒரு மாசத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, தூசு படக் கூடாது என்றார் டாக்டர். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

முந்தாநாள் ராத்திரி நல்ல மழை. நாளை மத்தியானத்துக்குள் ஈரம் போய்விடும். மல்லாட்டைக்கு விதை நிலக்கடலை உடைத்துத் தயாராக இருக்கிறது. வாடகை வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. மழை எல்லாருக்கும்தானே பெய்கிறது.

இன்றைக்கு உழாவிட்டால் இந்த வருஷம் மல்லாட்டை இல்லை.

நானே ஓட்டுகிறேன் என்றேன். சாவியைத் தரவில்லை.

எங்கே கற்றாய் என்று கேட்டேன். பொங்கலுக்கு அவள் அண்ணன் வீட்டில் போய்ப் பத்து நாள் இருந்தாளே, அங்கேயாம். அண்ணன் மகள் சொல்லிக்கொடுத்தாளாம். நான் கரும்பு தின்னப் போனாள் என்று நினைத்திருந்தேன்.

பத்து நாளில் என்ன வந்துவிடும்?

ஏறினவள் திரும்ப இறங்கினாள்.

பயந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். இல்லை. ஆயில் பார்க்க மறந்துவிட்டாளாம். கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தாள். நாலு டயரையும் அமுக்கினாள். சக்கரத்து நட்டு ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தாள்.

இவளைப் பெண் பார்க்கப் போனபோது நான்கூட இவ்வளவு பார்க்கவில்லை.

சரி, கூடப் போகலாம் என்று மட்கார்டில் ஏறி உட்கார்ந்தேன். கல் எங்கே, பள்ளம் எங்கே என்று யார் சொல்வது?

அவள் வண்டியைக் கிளப்பவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். வண்டியில் ஓட்டுகிற ஆள் ஒருத்தர்தான் இருக்கலாமாம். விழுந்தால் பின்சக்கரத்துக்கு நேராகத்தான் விழுவேனாம்.

பக்கத்துக் காட்டு ஏகாம்பரம் வரப்பில் நின்று பல் குச்சியை மென்றுகொண்டிருந்தான்.

“எறங்கிடு மாமா. ஈரம் காயுது” என்றான்.

இறங்கி, வரப்பில் போய் உட்கார்ந்தேன்.

வண்டி கிளம்பியது.

பின்னால் மாட்டிய ஒன்பது கலப்பையும் மண்ணில் இறங்கின. செம்மண் புரண்டது. அந்த வாசனை எனக்கு வரப்புவரை வந்தது.

சால் நேராகத்தான் இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் நேராகத்தான் தெரியும்.

இரண்டாவது சுற்றில் கொக்குகள் வந்துவிட்டன. மூன்றாவது சுற்றில் மைனா. கலப்பைக்குப் பின்னாலேயே ஒரு கூட்டம். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பல் தெரிய. கல்யாணப் போட்டோவில்கூட வாயை மூடிக்கொண்டிருப்பவள்.

ஏகாம்பரம் விசில் அடித்தான். இவனுக்கு வேலையே இல்லையா?

நடுக்காட்டில் கலப்பையில் முள் சிக்கியது. வண்டியை நிறுத்தினாள். கலப்பையைத் தரையில் இறக்கினாள். இன்ஜினை அணைத்தாள். பிரேக் போட்டாள். சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். அப்புறம்தான் இறங்கினாள்.

ஒரு முள்ளுக்கு.

நானாக இருந்தால் ஓடும்போதே பின்னால் காலைவிட்டு எத்தித் தள்ளியிருப்பேன். என் இடது காலில் நாலு விரல்தான். அது வேறு கதை.

மேற்குக் கடைசியில் கிணறு.

சுற்றுச்சுவர் கிடையாது. அறுபது அடி. மழை பெய்து ஓரமெல்லாம் ஊறிக் கிடக்கிறது.

பதினெட்டு வருஷமாக அங்கே நான் திருப்புகிறேன். சக்கரத்துக்கும் விளிம்புக்கும் ஒரு சாண். ஒரு செடிக்கான இடத்தைக்கூட விட்டதில்லை. இந்த ஊரில் வேறு எவனும் அப்படித் திருப்ப மாட்டான்.

அவள் அந்தப் பக்கம் போனாள்.

எழுந்து நின்றேன்.

கால் தானாக நடந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். மருந்து விட்ட கண்ணில் வெயில் குத்தியது. கொக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏகாம்பரம் தெரியவில்லை. தலையில் கட்டிய என் துண்டு மட்டும் தெரிந்தது.

வேகம் குறைந்தது.

கலப்பை மேலே வந்தது. வண்டி மெதுவாகத் திரும்பியது. விளிம்புக்கு எங்கேயோ தள்ளி. இந்தப் பக்கம் பார்த்து வந்தது.

எனக்கு மூச்சு வந்தது. உடனே கோபமும் வந்தது.

எவ்வளவு இடம் விட்டுவிட்டாள். கிணற்றைச் சுற்றி அத்தனையும் உழாத கரம்பு.

மிச்சக் காட்டை உழுது முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சூரியன் உச்சிக்கு வந்தபோது முடித்துவிட்டாள். முழங்கால்வரை செம்மண். புருவத்தில் செம்மண். அணைத்து, இறக்கி, சாவியை எடுத்து, கீழே வந்தாள்.

கேட்டேன். அங்கே எத்தனை செடி வரும் தெரியுமா? யார் அப்பன் வீட்டு நிலம் அது? சக்கரம் ஒரு சாண் தூரம்வரை போகும், நான் போயிருக்கிறேன்.

அவள் துண்டை அவிழ்த்து முகம் துடைத்தாள்.

“நீ அங்க திருப்புற ஒவ்வொரு வாட்டியும் நான் கண்ண மூடிக்குவேன்யா. இன்னிக்குத்தான் தெறந்து பாத்தேன்.”

சொல்லிவிட்டு, விதை மூட்டையைத் தூக்கிவரச் சொல்லி ஏகாம்பரத்துக்குக் குரல் கொடுத்தாள். அவன் ஓடினான். அவள் சொன்னால் ஓடுகிறான்.

நான் கிணற்றோரம் போனேன். விளிம்பிலிருந்து பாதம் வைத்து அளந்தேன்.

எட்டு.

எட்டு எதற்கு? அநியாயம்.

“அஞ்சு போதும்” என்றேன், அவளுக்குக் கேட்கிற மாதிரி.

அவள் விதையை மடியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

அஞ்சு தாராளம் என்று சொல்லிக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தேன்.