கம்மலைத் தொட ஆளில்லாத ஞாயிறு

போதகர் தேவவரத்தின் பிரசங்கம் நீண்டுபோனால், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி சுகிர்தம் தன் கம்மலைத் தொடுவாள். உடனே அவர் ஆமென் சொல்லிவிடுவார். அவளை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் ஞாயிறன்று, கர்த்தர் புயலை அமர்த்திய கதையை எடுத்தார். படகு அலைகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, கரை வரவில்லை. பேசப் பேச, எதிரே வெள்ளைச் சேலைகள் நுரைபோல் அசைந்தன. அவர் கண்கள் ஒவ்வொரு காதாகத் தேடின. சன்னல் வெயில் பீடம்வரை வந்துவிட்டது. குழந்தைகள் மடிகளில் தூங்கிப்போயின. யாரும் எழுந்திருக்கவில்லை.

கோயில் மணியடிக்கும் மாசிலாமணி மெல்லப் படியேறி வந்தார். "ஐயா, சனங்க இன்னும் சாப்பிடல."

"தெரியும்யா. எங்க நிறுத்தணும்னுதான் தெரியல."

அது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. மீன் விற்கும் ரஞ்சிதம் எழுந்து நின்றாள்.

"நிறுத்தாதீங்க ஐயா. ஐப்பசியில கடலுக்குப் போயி இன்னும் திரும்பாத எங்க வீட்டு ஆளும் அந்தப் படகுலதான் இருக்காரு. கரைக்குக் கொண்டாந்து சேர்த்துருங்க."

போதகர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு வேதப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "காத்து இப்ப எந்தப் பக்கமிருந்து அடிக்குதும்மா?" என்று கேட்டார்.