போர்ச் வரைக்கும்தான்

காருக்கு முன்னால் விமலன் குந்திய நேரத்திலிருந்து பரமேஸ்வரன் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. வீட்டு முன்னால் கார் நிறுத்தும் போர்ச்சின் நடுவில் நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பிடிபட்ட திருடனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் மாதவி கதவோரம் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். போன தீபாவளிக்கு உறவுக்காரர்கள் கூடியிருந்த வேளையில்தான் அவள் விமலனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதைச் சொன்னாள். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரிகளுக்கு மெக்கானிக் என்றதும் அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"லோரிக்கு அடியில படுத்துக் கிடக்கிறவன் என் வீட்டு வாசப்படிய மிதிக்கக்கூடாது."

அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை. பரமேஸ்வரன் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகக் கிள்ளானில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மூன்று மாதமாக அப்பாவும் மகளும் சோறு, குழம்பு என்பதற்கு மேல் பேசிக்கொள்வதும் இல்லை.

இப்போது அதே விமலன் வாசப்படிக்கு ஆறடி தூரத்தில் இருந்தான். எல்லாம் கார் செய்த வேலை.

வியாழக்கிழமை காலையில் அப்பாவின் இருபத்திரண்டு வயதுக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சீனப் புத்தாண்டு வாரம் என்பதால் வழக்கமாகப் பார்க்கும் ஆ செங், ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு ஈப்போவுக்குப் போய்விட்டார். தெரியாத ஆள் கையில் காரைக் கொடுக்க மாட்டேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை காப்பாரில் அவருடைய அக்கா மகனுக்குப் பரிசம். கிராப் டாக்சியில் போய் இறங்குகிற தாய்மாமன் நான் இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

மாதவி பயந்து பயந்து விமலன் பேரை எடுத்தாள். அப்பா வெகுநேரம் கூரையைப் பார்த்தார்.

"வரட்டும். ஆனா போர்ச் வரைக்கும்தான்."

விமலன் வெள்ளி மாலையே பண்டமாரானிலிருந்து வந்து பார்த்தான். எஞ்சினை ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது என்றான். தெரிந்த கடையில் புது பெல்ட் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் சாமான்களோடு வந்துவிட்டான்.

பெல்ட்டை மூடியிருந்த கவரில் கை வைத்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அங்கிள், இந்தக் கவர யாராச்சும் இப்பத் திறந்தாங்களா? இவ்ளோ பழைய கார்லா, துருப்பிடிச்சு இறுகியிருக்கணும், ஆனா போல்ட்டு லேசாச் சுத்துது."

"ஆ செங் திறந்திருப்பான். நான் பொதுப்பணி ஸ்டோர்ல கணக்கு எழுதுற கிராணியா இருந்தவன்பா. எனக்குப் பேனா மூடிதான் திறக்கத் தெரியும்."

கீழே இருந்த பெரிய போல்ட் அப்படி லேசில் வரவில்லை. ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி முக்கால் மணி நேரம் போராடினான். கை வழுக்கி, முட்டியில் தோல் உரிந்தது. வாயில் ஒரு கெட்ட வார்த்தைகூட வரவில்லை. "வா ராசா, வா" என்று போல்ட்டைத்தான் கொஞ்சினான்.

அப்பா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு விசாரணை ஆரம்பித்தது. அவன் அம்மாவுக்கு உடம்பு எப்படி, வீட்டில் யார் சமைப்பது, குடிப்பழக்கம் உண்டா, வாரத்தில் எத்தனை நாள் இரவு வேலை என்று வரிசையாகக் கேட்டார். விமலன் தலையை எஞ்சினுக்குள் வைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். மாதவிக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

மதியம் மாதவியின் அம்மா தாமரை சோறு போட்டாள். தட்டை வெடுக்கென்று வாங்கி, அப்பாவே போர்ச்சுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"வாசப்படிய மிதிக்கக்கூடாதுன்னுதான் சொன்னேன். பட்டினி போடுறேன்னு சொல்லல" என்றார் அப்பா.

சாப்பிட்டுவிட்டு விமலன் பெல்ட் ஓடும் பல்சக்கரங்களின் அடையாளக் கோடுகளை நேராக வைத்துப் புது பெல்ட்டை மாட்டினான். எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தும், யாரும் கேட்காமலே இன்னொரு முறை சுற்றினான். ஒரு பல் தவறினாலும் நடுவழியில் அங்கிள்தானே நிற்கவேண்டும் என்றான். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அப்பா 'ம்' என்றார்.

நான்கு மணிக்குச் சாவியைத் திருப்பினான். கார் முதல் முறையிலேயே உயிர் பெற்றது. தெருமுனையில் யாரோ பட்டாசு கொளுத்த, தனக்காகவே கொளுத்தியதுபோல் மாதவி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு காப்பி கலக்கும் வரைக்கும்தான் இருந்தது. வேலை முடிந்துவிட்டது, இனி அவன் இந்தப் பக்கம் வர என்ன காரணம் இருக்கிறது? அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு காப்பியை எடுத்து வந்தாள்.

விமலன் சாமான்களைக் கட்டிவிட்டு, கழற்றிய பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், தானா அறுந்தா நார் நாராப் பிஞ்சிருக்கும். இது நேரா இருக்கு. யாரோ கத்தியால அறுத்திருக்காங்க."

மாதவிக்குத் திக்கென்றது. இந்த வீட்டின்மேல் யாருக்கு இவ்வளவு ஆத்திரம்?

பரமேஸ்வரன் பெல்ட்டை அவன் கையிலிருந்து பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டு மூடினார். சமையல்கட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பியூஸ மட்டும் புடுங்கியிருந்தா, அஞ்சு நிமிஷத்துல மாட்டிட்டுப் போயிருப்பீங்களே மாப்ள."