பற்றவைக்காத மெழுகுவர்த்தி

பள்ளித் தியானத்தின் கடைசி நாளன்று ஃபாதர் கோயில் விளக்குகளை அணைக்கச் சொன்னார். "உங்களைக் காயப்படுத்தினவங்கள மன்னிச்சாச்சுன்னா, மெழுகுவர்த்தியப் பத்தவச்சுக்கிட்டு பீடத்துக்கிட்ட வாங்க பிள்ளைகளா."

பெஞ்சு பெஞ்சாக நெருப்புக் கொடுத்துக்கொண்டு வந்தவர் பவுலின் மிஸ். ஒற்றைச் சடை போட்டு வந்ததற்காக, போன வாரம் வகுப்பின் நடுவே ஜெனிலாவின் கூந்தலைக் கத்தரித்தவர். வகுப்பு முழுவதும் பீடத்தைச் சுற்றி ஒளிர்ந்தது. ஜெனிலா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"மெழுகுவர்த்திய நீட்டுடி. எல்லாரும் பாக்கறாங்க."

"அன்னைக்கும் பாத்தாங்க மிஸ்."

"ஏசப்பாவே மன்னிச்சாரே. உனக்கென்ன அவ்ளோ திமிரு?"

"நீங்க இன்னும் மன்னிப்புக் கேக்கவே இல்லையே மிஸ்."

மிஸ் தன் மெழுகுவர்த்தியை வெடுக்கென்று நீட்டியதில் சூடான மெழுகு ஜெனிலாவின் விரலில் சொட்டியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பீடத்தருகே யாரோ ஒருத்தி ஊதினாள். ஒரு சுடர் அணைந்தது. "யாரது?" என்றார் ஃபாதர். அதற்குள் பக்கத்துச் சுடரும் அணைந்தது, அதற்கடுத்ததும். இருட்டு ஒவ்வொரு முகமாக எடுத்துக்கொண்டே போனது. கடைசியில் மிஸ்ஸின் மெழுகுவர்த்தி மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஜெனிலா அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.